மூன்றாம் மாடியில் உட்கார்ந்த நிழல்

எங்கள் கடையின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே வேறு கடை தேட வேண்டிவரும். இந்த வயதில், இந்தக் காலை வைத்துக்கொண்டு, என்னை எவன் சேர்ப்பான்? தி.நகரில் ஆறு மாடி ஜவுளிக்கடை, நானூறு பேர் நிற்கிற கடை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்கிற கடை என்று சொல்லாமல் நிற்கிற கடை என்று சொன்னது வாய் தவறி இல்லை. எங்கள் தென்காசிப் பக்கம் மகள் எங்கே என்று கேட்டால், மெட்ராஸில் ஜவுளிக்கடையில் நிக்கா என்றுதான் தாய்மார் பதில் சொல்வார்கள். அந்தக் கடையின் மூன்றாம் மாடியில், பட்டுச்சேலைக்கும் ஃபேன்சி சேலைக்கும் நடுவில் இருக்கிற தூணுக்குப் பக்கத்தில், தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கும் முந்தின ஞாயிறு, சாயங்காலம் நாலு மணி சுமாருக்கு, முப்பிடாதியின் நிழல் உட்கார்ந்தது. முப்பிடாதி நின்றுகொண்டுதான் இருந்தாள்.

தீபாவளி சீசன் என்றால் என்னவென்று வாங்க வருகிறவர்களுக்குத் தெரியாது. காலையில் எட்டரைக்கு முடியை இறுக்கிப் பின்னி, யூனிஃபார்ம் சேலையில் மடிப்புக்கு மடிப்பு பின் குத்தி, செல்போனை லாக்கரில் போட்டுவிட்டு மாடி ஏறினால், ஷட்டர் இறங்குகிற வரைக்கும் நிற்க வேண்டும். ஒரு குடும்பம் வரும், மாமியாருக்குப் பிடித்தது மருமகளுக்குப் பிடிக்காது, இரண்டு பேருக்கும் பிடித்தது பணம் கொடுக்கிறவருக்குப் பிடிக்காது, அறுபது சேலையைப் பிரித்து, அறுபதையும் நம் தோளிலேயே போட்டு, முந்தியை விரித்து, திரும்பி நின்று, முன்னால் வந்து நின்று காட்டினால், கடைசியில் "மேல் மாடி பாத்துட்டு வர்றோம்" என்று போய்விடும். அறுபதையும் பழைய மடிப்பிலேயே மடித்து முடிப்பதற்குள் அடுத்த குடும்பம் வந்து நிற்கும். ஒரே நாளில் ஐந்நூறு பட்டுச்சேலை உடுத்திவிட்டு, ராத்திரி ஹாஸ்டலில் கிழிந்த நைட்டியோடு படுக்கிற பிறவி எங்களைத் தவிர யாருக்கும் வாய்க்காது.

இதைத் தாண்ட எங்களிடம் வழி இருந்தது. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான்தான் சொல்லிக் கொடுப்பேன். தண்ணீரை மிடறு மிடறாகக் குடி, பாத்ரூம் இரண்டு மாடி தள்ளி இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் தரையின் குளிர்ச்சியில் வை. கீழே விழுந்த சேலையைப் பொறுக்குகிற சாக்கில் ஒரு மூச்சு குத்தவைத்துக்கொள், ஆனால் கேமராவுக்கு முதுகைக் காட்டு. ஸ்டூலைப் பார்க்காதே. உட்கார நாற்காலி போட வேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டதும் எங்கள் கடையும் கவுன்டருக்கு ஒரு ஸ்டூல் போட்டது. போட்ட அன்றைக்கே அதன் மேல் சேலைப் பெட்டியை அடுக்கிவிட்டது. பெட்டிகள் அன்றிலிருந்து சுகமாக உட்கார்ந்திருக்கின்றன. இதெல்லாம் போக எங்களுக்குள் ஆள் மாற்றுவது என்று ஒன்று உண்டு. சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி பின்னால் வந்து உன் தோளைத் தொட்டு, "நான் நிக்கேன், நீ போ" என்பாள். தோளில் கை படாமல் கவுன்டரை விட்டு யாரும் நகரக்கூடாது. சீசன் நாளில் அந்தக் கை எப்போது வந்து விழும் என்று தோள் மட்டும் தனியாகக் காத்துக்கொண்டிருக்கும்.

முப்பிடாதிக்கு இருபத்தொன்பது வயது. என் பக்கத்துக் கவுன்டர், என் ஊருக்கு நாலு கல் தள்ளிய ஊர். அவள் அம்மா வள்ளிமயில் நாற்பது வருஷம் பீடி சுற்றியவள். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்து உட்கார்ந்தே மகனையும் மகளையும் வளர்த்தாள். மடக்கின கால் ஒரு நாள் நீட்ட வராமலே போய்விட்டது. புகையிலைத் தூசி நெஞ்சில் இறங்கிப் புரட்டாசியில் படுத்தவள், மகனிடம் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்: "அவள வரச்சொல்லு. கொஞ்ச நேரம் பக்கத்துல வந்து உக்காரட்டும்." வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

சீசனில் லீவு கேட்பது எங்கள் கடையில் கொலைக்குற்றம். முப்பிடாதி ஏழு வருஷமாக ஒரு தீபாவளிக்கும் ஊருக்குப் போனதில்லை. அதைச் சொல்லிச் சொல்லித்தான் சூப்பர்வைசர் தங்கப்பழத்தின் மனதைக் கரைத்தாள். அவரும் இரண்டாவது ஞாயிறு கூட்டம் முடியட்டும், திங்கட்கிழமை கிளம்பு என்று வாக்குக் கொடுத்திருந்தார். பஸ்ஸுக்கு டிக்கெட்டும் போட்டாயிற்று. முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் நின்றது அந்தத் திங்களை எண்ணிக்கொண்டுதான்.

நாலு மணிக்கு அவள் ஒரு மாம்பழக் கலர் பட்டைத் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தபோது, வாங்க வந்த அம்மாவின் முந்தியைப் பிடித்துக்கொண்டு நின்ற சிறுமி தரையைப் பார்த்துச் சொன்னது: "அம்மா, இந்த அக்கா நிக்கிறாங்க, அவங்க நிழல் மட்டும் உக்காந்துட்டுச்சு." "சும்மா இருடீ" என்றாள் அந்த அம்மா. "இதே கலர்ல பார்டர் சின்னதா இருக்கா பாருங்க" என்று முப்பிடாதியிடம் கேட்டாள். முப்பிடாதி பார்டர் சின்னதாக ஒன்றை எடுத்துக் காட்டி, அவர்கள் அதைப் பில் போடப் போன பிறகுதான் குனிந்து பார்த்தாள். அத்தனை டியூப்லைட் வெளிச்சத்தில் எங்கள் ஒருவருக்கும் ஒழுங்காக நிழலே விழுவதில்லை. அவள் காலடியில் மட்டும் கரி பூசின மாதிரி ஒரு பெண் நிழல், ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தது.

"எங்கம்மை உக்காந்திருக்க மாதிரியே இருக்குல்லக்கா" என்றாள் என்னிடம்.

"ஆமாட்டி. அப்படியேதான் இருக்கு" என்றேன். அதற்கு மேல் பேச நேரமில்லை. எட்டு பேர் கொண்ட ஒரு குடும்பம் லிஃப்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

அரைமணி நேரத்தில் தங்கப்பழம் வந்தார். கடையில் யாரும் உட்காரக்கூடாது என்பதைப் பார்த்துக்கொள்ளத்தான் அவருக்குச் சம்பளம். நிழலைப் பார்த்தார், முப்பிடாதியைப் பார்த்தார், மறுபடியும் நிழலைப் பார்த்தார்.

"எந்திரிக்கச் சொல்லு."

"நான் நின்னுக்கிட்டுதான அண்ணாச்சி இருக்கேன்."

"ஒன்ன யாரு சொன்னா? அதச் சொல்லு."

"நான் சொன்னா கேக்க மாட்டேங்கு."

அவர் தானே குனிந்து தரையிடம் இரண்டு முறை அதட்டிப் பார்த்தார். பிறகு நோட்டில் மூன்றாம் மாடி, நிழல் உட்கார்ந்தது, நேரம் நாலு ஐம்பது என்று எழுதிக்கொண்டு போனார். மறுநாள் எலக்ட்ரீஷியன் ஏணியோடு வந்து தூணைச் சுற்றியிருந்த அத்தனை லைட்டையும் மாற்றினான். நிழல் எழுந்திருக்கவில்லை. ஆபீஸ் ரூம் பெண் வந்து, சேல்ஸ் ஸ்டாஃப் உட்காரக்கூடாது என்றுதான் ரூல் இருக்கிறது, நிழலைப் பற்றி ரூல் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். வாங்க வந்தவர்கள் அதைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். ஒரு பெரியவர் மட்டும் தெரியாமல் மிதித்துவிட்டு, "மன்னிச்சுக்கம்மா" என்று தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இப்படி நாலு நாள் போயிற்று. எங்களுக்கு என்னவோ அந்த நிழலைப் பார்த்தால் பொறாமையாக இருந்தது. கூட்டம் குறைந்த நேரத்தில் நாங்கள் ஒவ்வொருத்தியாகத் தூணுக்குப் பக்கத்தில் போய் நின்று, எங்கள் நிழலும் உட்காருமா என்று பார்த்தோம். எங்கள் நிழல்கள் எங்களைப் போலவே பயந்தவை, ஒன்றும் உட்காரவில்லை.

வெள்ளிக்கிழமை முதலாளி வந்தார்.

முதலாளி கெட்டவர் இல்லை, அதுதான் எனக்கு ஆற்றாமை. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டு ஆறிப்போயிருப்பேன். எழுபது வயதிலும் வெள்ளிக்கிழமை தவறாமல் ஆறு மாடியும் ஏறி இறங்கி எல்லாருக்கும் விபூதி கொடுக்கிற மனிதர். ஆனால் அவருக்கு லட்சுமி என்றால் உட்கார்ந்த லட்சுமிதான். கடையிலும் வீட்டிலும் உட்கார்ந்த லட்சுமி படம்தான் மாட்ட வேண்டும், நிற்கிற லட்சுமி எந்த நேரமும் கிளம்பிப் போய்விடுவாள் என்று நம் ஜனங்கள் சொல்வார்களே, அதை அவர் அளவுக்குப் பிடித்துக்கொண்டவர்கள் கிடையாது. ஒரு வருஷம் சிவகாசியிலிருந்து வந்த காலண்டரில் லட்சுமி தாமரை மேல் நின்றுகொண்டிருந்தாள் என்பதற்காக, கட்டுப் பிரிக்காமல் அத்தனையையும் லாரியில் திருப்பி அனுப்பியவர். லட்சுமி உட்கார வேண்டும், நாங்கள் நிற்க வேண்டும், இவ்வளவுதான் அவருடைய வியாபாரம்.

அவர் விபூதித் தட்டோடு தூணுக்குப் பக்கத்தில் வந்தார். நிழலைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார். ஒரு கால் மடக்கி, ஒரு கால் நீட்டி, மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்த நிழலைப் பார்த்து அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "தாயே, மகாலட்சுமி, ஏழை வீட்டுல வந்து உக்காந்துட்டியா" என்று, ஆறு மாடிக்குச் சொந்தக்காரர், தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். தங்கப்பழமும் விழுந்தார். பார்த்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர்கள் விழுந்தார்கள். நாங்களும் விழுந்தோம், ஏன் பொய் சொல்ல வேண்டும், அந்தச் சாக்கில் ஒரு நிமிஷமாவது உடம்பு தரையில் பட்டது. முப்பிடாதி மட்டும் நின்றாள். அது பீடி சுற்றுகிறவள் உட்கார்கிற விதம் என்று அவளுக்கும் எனக்கும் தெரியும். மடியில் இருப்பது முறம், தாமரை இல்லை. நாங்கள் சொல்லவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் நிழலைச் சுற்றி மாக்கோலம் போட்டு, சிவப்புக் கயிறு கட்டி, குத்துவிளக்கு வைத்தாயிற்று. மறுநாள் பேப்பரில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் ஒன்றாம் மாடி வரைக்கும் படியில் வரிசை கட்டி நின்றது. எடுத்த சேலையை நிழலின் மடியில் ஒரு தரம் வைத்து எடுத்துவிட்டுத்தான் பில் போட்டார்கள். கல்யாணப் பத்திரிகையை வைத்தார்கள், ஜாதகத்தை வைத்தார்கள், ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒருத்தர் ஸ்கேன் ரிப்போர்ட்டை வைத்தார். நான் என் மகளுக்கு ஒரு நல்ல இடம் அமைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஒரு முழம் பூ வைத்தேன். நிழல் எல்லாவற்றையும் மடியில் வாங்கிக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தது.

முப்பிடாதி நகரக்கூடாது என்று உத்தரவு வந்தது. அவள் ஒரு அடி எடுத்து வைத்தால் நிழலும் உட்கார்ந்தபடியே ஒரு அடி இழுபடுவதை முதலாளி பார்த்துவிட்டார். "நில்லும்மா, நில்லு, அசையாத" என்று அலறினார். அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு அங்கேயே வந்தது, நின்றபடியே சாப்பிட்டாள். பாத்ரூமுக்கு ஒரு நாளைக்கு இரண்டு முறை போகலாம். முன்னால் தங்கப்பழம் கையைக் கூப்பிக்கொண்டு வழி விலக்க, நிழல் தரையோடு தேய்ந்துகொண்டே பின்னால் போகும், தாயே தாயே என்று ஜனம் ஒதுங்கும். தாயே என்று கூப்பிட்டது அவளை இல்லை. அவள் முகத்தை ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. செல்போனில் படம் எடுத்த ஒரு பெண், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மகாலட்சுமிய மறைக்கிறீங்க" என்றாள். முப்பிடாதி எங்கே தள்ளி நிற்பது என்று தெரியாமல் மூச்சை இழுத்து உடம்பைக் குறுக்கிக்கொண்டாள். ஷட்டர் இறங்கினதும் நிழலும் உட்கார்ந்தபடியே அவளோடு ஹாஸ்டலுக்கு இழுபட்டு வரும். ராத்திரி அங்கே நான் அவள் காலைப் பிடித்துவிடும்போது நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகக் கையில் தட்டுப்படும். "உக்காருட்டி" என்றால், "முட்டி மடங்க மாட்டேங்குக்கா, அது எனக்கும் சேத்து உக்காந்துருச்சு போல" என்று சிரிப்பாள்.

திங்கட்கிழமை வந்தது. அவள் பையைக் கட்டி வைத்திருந்தாள். காலையில் அண்ணன் சுடலைமணி போன் செய்து, அம்மை ரெண்டு நாளாய்க் கஞ்சித்தண்ணீர் கூடக் குடிக்கவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டு இருக்கிறாள் என்று சொல்லியிருந்தான். தங்கப்பழம் தன்னால் ஆகாது என்று சொல்லிவிட்டார். அவளை முதலாளியிடம் அனுப்பவில்லை, முதலாளியை அவளிடம் கூட்டிவந்தார். அவள் நகரக்கூடாதே.

"முதலாளி, எங்கம்மை சாகக் கிடக்கு. இன்னைக்கு லீவு குடுக்கேன்னு அண்ணாச்சி சொன்னாவ."

"ஏம்மா, மகாலட்சுமி உக்காந்திருக்கும்போது நீ எந்திரிச்சுப் போறேங்கியே, உனக்கே நல்லாருக்கா?" என்றார் முதலாளி. கோபமாக இல்லை, கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டார். "இன்னும் மூணே நாளு. தீபாவளி கழியட்டும். நானே கார் வச்சு அனுப்புதேன். ஒங்கம்மைக்கு ஒண்ணும் ஆகாது, இவள மீறி ஆயிருமா?" என்று நிழலைக் காட்டினார். பிறகு அவள் அம்மாவின் பெயரைக் கேட்டு, வள்ளிமயில் என்ற பெயருக்கு அர்ச்சனை செய்யச் சொன்னார். ஐயர் வந்து அர்ச்சனை செய்தார். அம்மா பேரைச் சொல்லி, அம்மா மாதிரியே உட்கார்ந்திருக்கிற நிழலுக்குப் பூப்போடுவதைப் பார்த்துக்கொண்டு முப்பிடாதி நின்றாள்.

மத்தியானம் நான் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அவள் சாப்பாட்டை வாங்கவில்லை.

"யக்கா, ஆள் மாத்தி விடேன்."

"என்னட்டி சொல்லுத?"

"என் தோளத் தொட்டுட்டு நீ இங்க வந்து நில்லு. நான் பின்வாசல் வழியா போயிருதேன். பஸ்ஸு அஞ்சு மணிக்கு. நிழலு இங்கயே கிடந்தாலும் கிடக்கும், யாரு கண்டா. இல்லன்னா எங்கூட வந்துரும். ஒரே ஒருக்கக்கா."

நான் தொட்டிருக்கலாம். கையைத் தூக்கி அந்தத் தோளில் வைப்பதற்கு என்ன பெரிய பலம் வேண்டும்? ஆனால் நிழல் அவளோடு போய்விட்டால் மூன்றாம் மாடியில் லட்சுமியை விரட்டினவள் என்று என்னைத்தான் நிறுத்துவார்கள், இருபத்திரண்டு வருஷ வேலை போகும், என் மகளுக்கு இப்போதுதான் ஒரு இடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இத்தனையும் ஒரு நொடியில் என் மண்டைக்குள் ஓடியது. "மூணு நாளுதானட்டி, தீபாவளி முடியட்டும்" என்றேன். முதலாளி சொன்ன அதே வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. அவள் சாப்பாட்டுத் தட்டை வாங்கி, நின்றபடி இரண்டு வாய் சாப்பிட்டாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு நிழல் எழுந்தது.

வரிசை நிற்க, மணி அடிக்க, கற்பூரம் எரிய, அத்தனை பேர் கண்ணுக்கு முன்னால்தான் எழுந்தது. நெடுநேரம் உட்கார்ந்தவர்கள் எழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அப்படி ஒரு கையைத் தரையில் ஊன்றி, ஒரு கையை முட்டியில் கொடுத்து, மரத்துப்போன காலை இரண்டு தரம் உதறி, மடியில் கிடந்ததையெல்லாம் தட்டிவிட்டு, முந்தியை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு நிமிர்ந்தது. முப்பிடாதியின் பாதத்திலிருந்து கழன்று கயிற்றைத் தாண்டியது. கூட்டம் ஐயோ என்று இரண்டாகப் பிளந்தது. நிழல் அவசரமாக, பஸ் பிடிக்கப் போகிறவள் நடையில், ஆட்களின் கால்மேலெல்லாம் விழுந்து எழுந்து படியிறங்கிப் போனது. முதலாளி கற்பூரத் தட்டோடு செருப்பில்லாமல் பின்னால் ஓடினார். "தாயே, போகாத, நான் என்ன குறை வச்சேன்" என்று அவர் கத்திய கத்தலை நான் இன்னும் மறக்கவில்லை. தெருவில் தீபாவளிக் கூட்டம் தலையும் பையுமாக நெரிந்துகொண்டிருந்தது, லட்சம் நிழல்களுக்கு நடுவில் ஒரு நிழலை எங்கே என்று தேடுவது? அவர் அணைந்த தட்டோடு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கடையில் ஒருவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

முப்பிடாதி நிழலில்லாமல் தூணுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். முதலாளி மெல்ல ஏறி வந்து அவள் முன்னால் கையைக் கூப்பினார். "நீ போம்மா. போய்க் கூட்டிட்டு வந்துரு. எங்க போயிருக்கும்னு உனக்குத்தான் தெரியும்." ஆறு வாரமாகக் கேட்ட லீவு அப்படித்தான் கிடைத்தது. துணைக்கு ஆவுடைத்தங்கம் போகட்டும் என்று என்னையும் அனுப்பினார். காரும் கொடுத்தார், சொன்ன வாக்குத் தவறாதவர்.

ஆனால் அது தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் எல்லாரும் கிளம்புகிற நாள். நகரத்தைத் தாண்டவே ஐந்து மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு டோல்கேட்டிலும் வண்டிகள் கண்ணுக்கெட்டின தூரம் நின்றன. எங்கள் சீசன் கூட்டம் முழுதும் நாங்கள் விற்ற துணிப்பைகளை மடியில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் நின்றது. சுடலைமணி போன் எடுக்கவில்லை. காரில்கூட அவள் சீட்டில் சாயவில்லை. முட்டி மடங்காமல் காலை முன்சீட்டுக்கு அடியில் நீட்டி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தபடியே வந்தாள். நிழலுக்கு டோல்கேட் கிடையாது, அது எப்போதோ போய்ச் சேர்ந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.

புதன்கிழமை பதினோரு மணிக்குத் தெருமுனையில் இறங்கினோம். வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கையில் பட்டாசை வைத்துக்கொண்டு வெடிக்காமல் நின்றன. வீட்டுக்குள் பீடி சுற்றுகிற பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு அழுதுகொண்டிருந்தார்கள். நடுவில் வள்ளிமயில், ஒரு கால் நீட்டி, நீட்ட வராத கால் மடங்கினபடியே, கிடத்தப்பட்டிருந்தாள். அவள் தலைமாட்டில், கால் மடக்கி, தலை குனிந்து, முப்பிடாதியின் நிழல் உட்கார்ந்திருந்தது. அந்தப் பெண்கள் அதற்கும் இடம் விட்டு, அதன் தோளிலும் ஒரு கையைப் போட்டிருந்தார்கள்.

முப்பிடாதி நடைக்கு உள்ளே வந்து, இரண்டு கையையும் முன்னால் கோர்த்துக்கொண்டு, கவுன்டரில் நிற்கிற மாதிரியே நின்றாள். அழவில்லை. "வா தாயி, வந்து உக்காரு" என்று பெண்கள் கூப்பிட்டார்கள். அவள் அசையவில்லை. அண்ணன் மனைவி மாரிக்கனி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"நேத்து வெளக்கு வைக்கிற நேரம் இருக்கும். செவுத்துல நிழலு தெரிஞ்சுது. நீதான் வந்துட்டன்னு வாசல்ல போய்ப் பாத்தேன், யாருமில்ல. திரும்பி வந்து பாத்தா தலமாட்டுல உக்காந்திருக்கு. அத்தை கண்ண முழிச்சுப் பாத்துட்டாவ. தரையத் தடவித் தடவிப் பாத்து, 'வந்துட்டியாட்டி, உக்காரு, நின்னு நின்னு காலு வலிக்கும்லா' ன்னாவ. பெறகு பேச்சில்ல. வெடியக்காலம் வரைக்கும் தரையிலேயே கைய வச்சிருந்தாவ. சந்தோசமாத்தான் போனாவ முப்பிடாதி."

முப்பிடாதி அம்மா கை வைத்திருந்த தரையைப் பார்த்தாள்.

"எப்படிச் சொன்னா?" என்று கேட்டாள்.

"வந்துட்டியாட்டி, உக்காரு, நின்னு நின்னு காலு வலிக்கும்லான்னு."

"அம்மை மாதிரி சொல்லு மதினி."

மாரிக்கனி மாமியாரின் குரலை நினைத்துப் பார்த்து, மூச்சு வாங்கி, மெதுவாகச் சொல்லிக் காட்டினாள். அப்படி இல்லை என்பது போல முப்பிடாதி தலையை ஆட்டினாள். மாரிக்கனி மறுபடியும் சொன்னாள். மூன்றாவது தரம் சொல்லும்போது அவளுக்கே அழுகை வந்து பாதியில் நின்றுவிட்டது. "எனக்குச் சொன்னதுக்கா" என்று முப்பிடாதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்குத்தான சொல்லியிருக்கா, என் காதுல விழலயே."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. உட்காரு என்று யார் சொன்னாலும் இவள் உட்கார மாட்டாள், உட்காரத் தெரியாது, ஏழு வருஷமாக இவள் உடம்பு ஒன்றுக்காகத்தான் காத்துக்கொண்டு நிற்கிறது. நான் அவளுக்குப் பின்னால் போனேன். திங்கட்கிழமை மத்தியானம் தூக்காத கையைத் தூக்கி அவள் தோளைத் தொட்டேன்.

"நான் நிக்கேன் முப்பிடாதி. நீ போ."

அவள் முட்டி சத்தத்தோடு மடங்கியது. இரண்டு பெண்கள் கக்கத்தில் கை கொடுத்து இறக்கிவிட, தரை எங்கே இருக்கிறது என்று தெரியாதவள் மாதிரி தடவித் தடவி, அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். நிழல் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது. பிறகு அவள் உட்கார்ந்த மாதிரியே அதுவும், அது உட்கார்ந்த மாதிரியே அவளும் ஆகி, எது எதனுடையது என்று பிரிக்க முடியாமல் ஒன்றானது. "அம்மை, உக்காந்துட்டேன் பாரு, பாரு அம்மை" என்று அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.

என் செல்போன் அடித்தது. முதலாளி.

"கிடைச்சுதாம்மா? மகாலட்சுமி நிக்காளா, உக்காந்திருக்காளா?"

"உக்காந்துட்டா முதலாளி."

"அப்பாடா" என்றார். "எழுப்பாத. பதனமா, உக்காந்தபடியே கூட்டிட்டு வந்துரு. இங்க சனம் காத்துக்கிட்டு கிடக்கு."

"அவ அம்மையப் போட்டுட்டு எங்கயும் வர மாட்டா" என்று சொல்லிவிட்டு போனை அணைத்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதலாளி பேசும்போது நான் வைத்த முதல் போன் அது. அதற்கு என்ன கிடைக்கும் என்று தெரிந்துதான் வைத்தேன். கிடைக்கவும் செய்தது, இப்போது நான் நிற்பது கடைசி மாடியில் பெட்ஷீட் செக்‌ஷனில்.

பெண்கள் எனக்கும் இடம் ஒதுக்கி, வா, உட்காரு என்றார்கள். வேண்டாம் என்றேன். ஆள் மாற்றிவிட்டவள் உட்காரக்கூடாது. வாசலில் முதல் வெடி வெடித்தது. யாரோ அந்தப் பிள்ளைகளை அதட்டினார்கள். சாயங்காலம் வள்ளிமயிலைத் தூக்குகிற வரைக்கும் முப்பிடாதி அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், நான் அவளுக்குப் பின்னால் நின்றேன்.